நூற்றாண்டு கடந்த சட்டமும் இரண்டு குளிசைகளும்

சங்கத்தின் ஆண்டு மலரிலே கருச்சிதைவுச் சட்டத்தைப்பற்றி எழுதுவது தகுமோ எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். வாய்விட்டுப் பேசத் தயங்கும் பொருள்தான் இது. ஆயினும், பேசப்படாத காரணத்தினால் இல்லாதொழிந்த துன்பம் உலகில் எதுவுமில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களிலே லயக் காம்பராக்களின் இருட்டில் நிகழ்வதும், கொழும்பு மாநகரின் மாடி வீடுகளில் நிகழ்வதும் ஒரே சட்டத்துக்கு உட்பட்டவையே. அச்சட்டம் எங்கிருந்து வந்தது, எதற்காக எழுதப்பட்டது, அதனை எழுதியோர் கனவிலும் கண்டிராத ஒரு மருந்து வந்தபின் அது எவ்வாறு பொருந்துகிறது, பிற நாடுகள் இச்சிக்கலை எவ்வாறு கையாண்டன என்பனவற்றைச் சரித்திர முறையில் ஆராய்வதே எமது நோக்கம். பாவமா புண்ணியமா என்ற தீர்ப்பை அவரவர் மனச்சான்றுக்கே விட்டுவிடுகிறோம்.

சட்டம் பிறந்த கதை

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். அது 1885ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தை ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக. 1869ஆம் ஆண்டிலே தலைகாட்டிய இலைநோயினால் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை மெல்ல மெல்ல அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. எமது முன்னோர் கங்காணிமாரின் பின்னே கால்நடையாக வந்து காடு திருத்திக்கொண்டிருந்தனர். பிரசவமென்றால் லயத்து மருத்துவச்சியின் கைதான் கதி. கிருமியை அழிக்கும் ஊசிமருந்து பயன்பாட்டுக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன.

அச்சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு கூறுவது இதுவே. கருவுற்ற பெண்ணொருத்திக்கு எவரேனும் வேண்டுமென்றே கருச்சிதைவை விளைவித்தால், அது அப்பெண்ணின் உயிரைக் காப்பதற்காக நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டதன்றெனின், அவருக்கு மூன்றாண்டு வரையிலான சிறையோ, குற்றப்பணமோ, இரண்டுமோ தண்டனையாகும். கருவில் அசைவு தோன்றிய பின்னராயின் சிறை ஏழாண்டு வரை நீளும். இதன் கீழே ஒரு விளக்கமும் உண்டு. தன் கருவைத் தானே சிதைத்துக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவுக்கு உட்பட்டவளே என்பதுதான் அவ்விளக்கம். பெண்ணின் சம்மதமின்றிச் செய்தால் 304ஆம் பிரிவின்படியும், அச்செயலால் அவள் இறந்துவிட்டால் 305ஆம் பிரிவின்படியும் இருபதாண்டு வரை சிறையுண்டு.

இவ்வாசகங்கள் இலங்கையிலே பிறந்தவையல்ல. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவே கடல் கடந்து இங்கு வந்தது. அதற்கும் மூலம் மெக்காலே பிரபுவின் தலைமையிலான ஆணைக்குழு 1837ஆம் ஆண்டில் வரைந்த நகலாகும். அந்நகலோடு சேர்த்து எழுதிய குறிப்பிலே, இந்தப் பிரிவைப்பற்றித் தமக்குப் பலத்த அச்சம் உண்டென அவ்வாணைக்குழுவினரே தெரிவித்திருந்தனர். இக்குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படாவிடினும் குடும்ப மானத்தில் கறை படிந்துவிடும், ஆதலின் கயவர் கையில் இச்சட்டம் ஒரு கொடிய கருவியாகலாம் என்பது அவர்களுடைய கருத்து. சட்டத்தை இயற்றியவர்களே அஞ்சிய சட்டம் இது. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஒரு பெண்ணை அடக்கிவைக்க வேண்டுமாயின் இப்பழியைச் சுமத்துவதே போதும் என்ற நிலை எமது ஊர்களில் மாறியதாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தின் கதை சற்று வேறு. அங்கே 1803ஆம் ஆண்டின் எலன்பரோ சட்டம், அசைவு தோன்றிய கருவை நஞ்சு கொடுத்துச் சிதைப்போருக்கு மரண தண்டனை விதித்தது. 1837ஆம் ஆண்டிலே மரண தண்டனையும், அசைவுக்கு முன், அசைவுக்குப் பின் என்ற வேறுபாடும் நீக்கப்பட்டன. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, நஞ்சோ பிற தீங்கான பொருளோ கொடுத்தல், கருவியைப் பயன்படுத்தல் என வழிகளைப் பெயர் சொல்லிக் குறித்தது. தாய்நாட்டில் கைவிடப்பட்ட அசைவு வேறுபாடு குடியேற்ற நாடுகளின் சட்டத்தில் நிலைத்துவிட்டமை கவனிக்கத்தக்கது.

குளிசை வந்த கதை

இனி மருந்தைப் பார்ப்போம். இருவகைக் குளிசைகள் இதிற் சம்பந்தப்பட்டவை. ஒன்று மிசோப்ரொஸ்டோல். இது கருச்சிதைவுக்கென ஆக்கப்பட்டதே அன்று. அமெரிக்காவின் சேர்ல் என்னும் மருந்துக் கம்பனி 1970களிலே இரைப்பைப் புண்ணுக்காக ஆக்கிய மருந்து. கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை அதற்கு உண்டு. 1986ஆம் ஆண்டளவில் பிரேசில் நாட்டு மருந்துக் கடைகளில் இது விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்கள் உண்ணலாகாதென்ற எச்சரிக்கையைக் கண்டே அந்நாட்டு ஏழைப் பெண்கள் அதன் ஆற்றலை உய்த்துணர்ந்தனர். 1940ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் அங்கே கருச்சிதைவைத் தடுத்திருந்தது. ஆதலின் 1991இல் விற்பனை கட்டுப்படுத்தப்பட்டது. 1998இல் ஆஸ்பத்திரிகளுக்கு மட்டுமென ஒடுக்கப்பட்டது. ஆயினும் கள்ளச் சந்தையில் அது ஓயவில்லை.

மற்றையது மிபெப்ரிஸ்டோன். கரு தங்கி வளர உதவும் புரொஜெஸ்தரோன் என்னும் சுரப்பை இது தடுத்துவிடும். பிரான்சின் ரூசெல் யூக்ளாப் கம்பனி 1980இல் ஆக்கிய இம்மருந்து ஆர்.யூ. 486 என்ற பெயரால் உலகப் புகழ்பெற்றது. 1988 செப்டெம்பரில் பிரான்ஸ் இதற்கு அனுமதி வழங்கியது. எதிர்ப்புக்கு அஞ்சிய கம்பனி ஒக்டோபரில் மருந்தை மீட்டுக்கொண்டது. இரண்டே நாட்களில் சுகாதார மந்திரி குளோட் எவான் தலையிட்டு, விநியோகத்தை மீண்டும் தொடங்குமாறு பணித்தார். பின்னர் பிரித்தானியா 1991இலும், சுவீடன் 1992இலும், ஐக்கிய அமெரிக்கா 2000இலும், இந்தியா 2002இலும் இதனை ஏற்றன. முதலில் மிபெப்ரிஸ்டோனும் அதன்பின் மிசோப்ரொஸ்டோலும் என்ற முறை நிலைபெற்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டில் இவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. 2019இல் அவற்றைப் பட்டியலின் அடிப்படைப் பகுதிக்கு உயர்த்தி, நெருங்கிய மருத்துவ மேற்பார்வை வேண்டும் என்ற நிபந்தனையையும் நீக்கியது.

இதனால் விளைந்த மாற்றம் யாது? முன்னர் கருச்சிதைவு என்றால் ஒரு கருவி, ஒரு கை, ஓர் இடம் மூன்றும் வேண்டும். அம்மூன்றையும் தேடிப் பிடிப்பது பொலிசாருக்கும் எளிது. இப்போதோ தீப்பெட்டியினுள் அடங்கும் சில குளிசைகளே போதும். கொடுத்தவர் எங்கோ இருக்க, உண்பவள் தன் வீட்டிலேயே இருப்பாள். சட்டங்கள் தடுமாறியது இவ்விடத்தில்தான்.

பழைய சட்டத்தில் புதிய மருந்து

உலகச் சட்டங்களை நோக்கின் மூவகையாகப் பிரிக்கலாம் எனத் தோன்றுகிறது. முதலாவது வகை, வழியைப் பெயர் சொல்லித் தண்டிப்பது. இரண்டாவது, வழி எதுவாயினும் விளைவைத் தண்டிப்பது. மூன்றாவது, இன்னார், இன்ன இடத்தில், இன்ன காலத்துக்குள் செய்தால் குற்றமன்று என அனுமதிப்பது. குளிசை ஒவ்வொன்றையும் வெவ்வேறு விதமாகச் சோதித்தது.

முதலாவதற்கு அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து சான்று. அதன் குற்றவியற் கோவை 1899ஆம் ஆண்டுக்குரியது. வெளிநாட்டிலிருந்து தருவித்த குளிசைகளைப் பயன்படுத்திய ஓர் இளம் பெண்மீதும் அவள் துணைவர்மீதும் கேர்ன்ஸ் நகரில் 2009இல் குற்றஞ் சாட்டப்பட்டது. 2010 ஒக்டோபரில் யூரிமார் இருவரையும் விடுவித்தனர். சட்டத்திலுள்ள ‘தீங்கான பொருள்’ என்னும் சொல், பெண்ணின் உடலுக்குத் தீங்கானது என்றே பொருள்படும் என நீதிபதி விளக்கியிருந்தார். வைத்தியர்கள் உலகெங்கும் கொடுக்கும் மருந்தை அவ்வாறு கூற இயலுமா? சட்டம் வாய்மூடி நின்றது. 2018இல் குயின்ஸ்லாந்து அப்பழைய பிரிவுகளையே நீக்கிவிட்டது.

மூன்றாவது வகைக்குப் பிரித்தானியா சான்று. 1938ஆம் ஆண்டு அலெக் போர்ன் என்னும் சத்திர வைத்தியர், போர்வீரர்களால் கெடுக்கப்பட்ட பதினான்கு வயதுச் சிறுமிக்குச் சிகிச்சை செய்துவிட்டுத் தாமே அதிகாரிகளுக்கு அறிவித்து வழக்கை எதிர்கொண்டார். உடலும் உள்ளமும் சிதைந்து போகாமற் காப்பதும் உயிர்காப்பே என நீதிமன்றம் கொண்டமையால் அவர் விடுதலையானார். 1967ஆம் ஆண்டுச் சட்டம் இரு வைத்தியரின் கருத்தோடு, அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை நடைபெறலாம் என்றது. சத்திர சிகிச்சையை மனத்திற் கொண்டு எழுதிய சட்டம் அது. குளிசை வந்தபின், அதனை விழுங்குவதும் ‘சிகிச்சை’தானா, அதற்கும் அங்கீகரித்த இடம் வேண்டுமா என்ற வினா எழுந்தது. வேண்டும் என்றே 2011இல் நீதிமன்றம் கூறியது. பெண்கள் ஆஸ்பத்திரியில் குளிசை உண்டு, வீடு திரும்பும் வழியிலேயே உதிரப்போக்குக்கு ஆளாகும் அவலம் தொடர்ந்தது. 2018இன் இறுதியில் இங்கிலாந்து, இரண்டாவது மருந்தை வீட்டில் உட்கொள்ள இடமளித்தது. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவியபோது இரு மருந்தையும் வீட்டிலேயே உட்கொள்ளத் தற்காலிக அனுமதி கிடைத்தது. 2022இல் அது நிரந்தரமாயிற்று. ஆயினும் 1861ஆம் ஆண்டுச் சட்டம் மறையவில்லை. எல்லை கடந்த பெண்கள்மீது வழக்குகள் தொடரப்பட்டன. தன் கருவைச் சிதைத்துக்கொள்ளும் பெண்ணைக் குற்றவாளியாக்கலாகாது என்ற திருத்தத்துக்கு 2025 ஜூனில் பொதுச்சபை 379க்கு 137 என்ற வாக்குகளால் ஆதரவளித்தது.

இரண்டாவது வகையே எமக்கு நெருங்கியது. 303ஆம் பிரிவில் நஞ்சு, கருவி என்ற சொற்களே இல்லை. எப்படிச் செய்தாய் என்று அது கேட்பதில்லை. செய்தாயா என்றே கேட்கிறது. ஆதலின் கத்தியும் கஷாயமும் குளிசையும் அதன் முன் ஒன்றே. இதே பிரிவை முதுசொமாகப் பெற்ற நாடுகள் யாது செய்தன?

இந்தியா 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழுவை நியமித்து, 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை இயற்றியது. பழைய 312ஆம் பிரிவை அகற்றாமல், பதிவு பெற்ற வைத்தியர் செய்தால் அது பொருந்தாது என்ற வேலியை அதைச் சுற்றி அமைத்தது. 2003ஆம் ஆண்டு விதிகள் ஏழு வாரம் வரை குளிசை முறைக்கு இடமளித்தன. பின்னர் அது ஒன்பது வாரமாயிற்று. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் குறித்த சில நிலைகளில் எல்லையை இருபது வாரத்திலிருந்து இருபத்துநான்கு வாரமாக உயர்த்தியது. மணமாகாத பெண்ணுக்கும் இவ்வுரிமை சமமே என உச்ச நீதிமன்றம் 2022 செப்டெம்பர் 29ஆந் திகதி தீர்ப்பளித்தது. எமது உறவினர் வாழும் தமிழ்நாட்டிலே சட்டப்படி கிடைக்கும் மருந்து, பாக்கு நீரிணையின் இப்பக்கத்தில் குற்றமாகிறது.

மலேசியா 1989இல் தன் 312ஆம் பிரிவைத் திருத்தி, பெண்ணின் உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கேடு நேருமாயின் வைத்தியர் செய்யலாம் என்றது. வங்காளதேசத்தின் வழி விநோதமானது. அங்கே பழைய பிரிவு அப்படியே இருக்க, 1979இல் ‘மாதவிடாய் ஒழுங்குபடுத்தல்’ என்னும் சேவையை அரசாங்கமே தொடங்கியது. கரு உண்டென்று உறுதிப்படுத்தாத நிலையில் செய்வதாகையால் தண்டனைச் சட்டம் குறுக்கிடாது என்பது அவர்கள் தர்க்கம். பின்னர் குளிசைகளும் அச்சேவையில் இடம்பெற்றன. நேபாளமோ, பெண்களைச் சிறையிலிட்டுவந்த பழைய சட்டத்தை 2002இல் மாற்றியமைத்தது.

எல்லா நாடுகளும் ஒரே திசையிற் செல்லவில்லை என்பதையும் மறைத்தல் தகாது. ஐக்கிய அமெரிக்காவில் 1973இல் வழங்கிய தீர்ப்பை 2022 ஜூன் 24ஆந் திகதி உச்ச நீதிமன்றமே தள்ளிவிட்டது. பல மாநிலங்கள் தடை விதித்தன. லூயிசியானா 2024இல் இவ்விரு குளிசைகளையும் கட்டுப்படுத்தப்பட்ட போதை மருந்துகளோடு ஒருங்கு சேர்த்தது. எமது கோவைக்குப் பத்தாண்டு மூத்த 1873ஆம் ஆண்டின் கொம்ஸ்ரொக் சட்டம், இத்தகைய பொருட்களை அஞ்சலில் அனுப்புவதைத் தடுப்பதால், அதனை மீண்டும் உயிர்ப்பிக்கவேண்டும் என்ற குரல்களும் எழுந்தன.

இலங்கையில் நடந்த முயற்சிகள்

எமது நாட்டிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. 1995இல் நீதி மந்திரியாயிருந்த ஜீ. எல். பீரிஸ் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தைக் கொணர்ந்தபோது, வன்புணர்ச்சி, முறைதகாப் புணர்ச்சி, கருவின் பாரிய ஊனம் ஆகியவற்றில் கருச்சிதைவுக்கு இடமளிக்கும் ஏற்பாடும் அதிலிருந்தது. எதிர்ப்பினால் அப்பகுதி கைவிடப்பட்டு, ஏனையவை 22ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறின. அதே சட்டம், பெண்ணின் சம்மத வயதைப் பன்னிரண்டிலிருந்து பதினாறாக உயர்த்தியது. இதன் பொருளைச் சிந்திப்போமாக. பதினைந்து வயதுச் சிறுமி சம்மதிக்கும் பக்குவமற்றவள் எனச் சட்டம் அறிந்திருக்கிறது. அவளைக் கெடுத்தவனை அது தண்டிக்கும். ஆனால் அதனால் அவள் கருவுற்றாளாயின், அவள் உயிருக்கு ஆபத்து இல்லாதவரை, 303ஆம் பிரிவு அவளுக்கு எவ்வித விலக்கும் தருவதில்லை.

2017இல், நீதியரசர் அலுவிகாரே தலைமையிலான குழுவின் சிபாரிசுகளைத் தொடர்ந்து, வன்புணர்ச்சியால் உண்டான கரு, பிறந்தாலும் பிழைக்கமாட்டாத கரு ஆகிய இரண்டுக்கும் விலக்களிக்க மந்திரிசபை இணங்கியது. கத்தோலிக்க ஆயர்களும் பௌத்த மகாசங்கத்தினரும் ஆட்சேபித்தனர். அம்முயற்சியும் பாராளுமன்றத்தை எட்டாமலே நின்றுவிட்டது. 303ஆம் பிரிவு 1883இல் எழுதப்பட்டபடியே இன்றும் நிற்கிறது.

ஆட்சேபித்தோரின் நோக்கத்தை நாம் இழிவுபடுத்தவில்லை. எமது சமய நூல்களும் பிரூணஹத்தி என்று கருக்கொலையைப் பெரும் பாவங்களுள் வைத்து எண்ணின. கருவிலுள்ள உயிருக்காகப் பரிந்து பேசுவது அருளுடைமையே. ஆனால் பாவம் என்பது வேறு, சிறைக்குரிய குற்றம் என்பது வேறு. அவ்விரண்டையும் ஒன்றாக்கியபோது விளைந்தது யாது என்பதைச் சரித்திரத்தில் தேடுவதே மாணவர் கடமை.

எமது தோட்டங்களின் நிலை

எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து றப்பர் மலைகளிலும், பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துத் தேயிலை மலைகளிலும் வாழும் பெண்ணின் நிலையை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, மலைக்கு ஏறுகிறாள். வேண்டாத கரு தங்கிவிட்டால் யாரிடம் கேட்பாள்? வசதியுள்ளவள் விமானமேறிச் சட்டம் இடந்தரும் நாட்டுக்குச் செல்லலாம். இவளுக்குக் கிட்டுவது, பெயரும் முகவரியும் இல்லாத ஒருவன் கடதாசியிற் சுற்றிக் கொடுக்கும் குளிசைதான். அது மெய்யான மருந்தா, போலியா, எத்தனை வாரத்துக்கு ஏற்றது என்று சொல்வார் எவருமில்லை. கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் இக்குளிசை பயன்படாது; உயிருக்கே ஆபத்தாகும். அதனைக் கண்டறிய வைத்தியப் பரிசோதனை வேண்டும். சட்டம் மருந்தைத் தடுத்துவிடவில்லை. மருந்தோடு வரவேண்டிய வைத்தியரையே தடுத்துவிட்டது.

இன்னுமொன்று. அளவுமீறிய உதிரப்போக்கோ, காய்ச்சலோ, தாங்கொணா வயிற்றுவலியோ கண்டபின்னரும், பொலிசுக்கு அஞ்சி லயத்திலேயே படுத்துக்கிடப்போர் உண்டு. இங்கே ஓர் உண்மையை எல்லோரும் அறியவேண்டும். சட்டம் தண்டிப்பது கருச்சிதைவை விளைவிப்பதையே. நோயுற்றவளுக்குச் சிகிச்சை செய்வதையோ, அவளைச் சிகிச்சைக்குக் கொண்டுசெல்வதையோ அது குற்றமெனச் சொல்லவில்லை. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அவளுக்கும் இலவசச் சிகிச்சை உண்டு. கரு தானாகச் சிதைந்ததா, சிதைக்கப்பட்டதா என்று தீர்ப்புக் கூறிக்கொண்டு லயத்து வாசலில் நிற்பதைவிட, லொறியோ முச்சில்லு வண்டியோ பிடித்துக் கொடுப்பதே அயலவர் செய்யவேண்டிய முதல் வேலை. பழித்துப் பேசிய நாக்குகளால் தாமதித்த ஒரு மணி நேரம், பிள்ளைகள் இரண்டு மூன்றைத் தாயற்றவர்களாக்கிவிடக்கூடும்.

வாலிபர்களாகிய எமக்கு இதிற் பொறுப்பில்லை என எண்ணலாகாது. கருவுறச் செய்துவிட்டுக் கைவிட்டோடிய ஆடவனைப்பற்றி 303ஆம் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. சட்டம் கேளாத கேள்வியைச் சமுதாயம் கேட்கவேண்டும். குடும்பக் கட்டுப்பாடு முறைகளை மருத்துவமாதுவிடம் கேட்டறிவது பெண்களின் வேலை மாத்திரமன்று. பள்ளியிலே உடற்கூற்றுப் பாடத்தை ஆசிரியர் புரட்டிவிட்டுச் செல்ல இடங்கொடுப்பதும் தகாது. எமது சங்கத்தின் வாதமேடையில் சினிமாவும் அரசியலும் விவாதிக்கப்படுவதுபோல, 1995இலும் 2017இலும் கைவிடப்பட்ட திருத்தங்களும் ஒருநாள் விவாதிக்கப்பட வேண்டும். பெண் உறுப்பினர்கள் அம்மேடையில் முதலிற் பேசவேண்டும். சட்டம் மாறவேண்டும் என்போரும், மாறலாகாது என்போரும் தத்தம் நியாயங்களைக் கூறட்டும். பெரியோர்களும் இருந்து கேட்கட்டும்.

பிரான்சும் இந்தியாவும் நேபாளமும் தத்தம் முடிவுகளை ஒரு நாளில் எட்டவில்லை. குழுக்கள் அமைந்தன, வழக்குகள் நடந்தன, வைத்தியர்கள் துணிந்து சாட்சி கூறினர், பெண்கள் வெளிவந்து பேசினர். எமது நாடு எவ்வழியைத் தெரிந்தெடுப்பினும், அத்தெரிவு 1883ஆம் ஆண்டு ஆங்கிலேயர் எழுதிவைத்ததாக இல்லாமல், நாமே ஆராய்ந்து எடுத்ததாக இருத்தல் வேண்டும். அதுவரையில், நோயுற்று விழுந்தவளைத் தூக்கிச்செல்ல எந்தச் சட்டத் திருத்தத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.